கொம்பில்லாத எழுத்து

மை உருளையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கும் வாசனை. போன மாதம் அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகைக்காக ஓர் அச்சகத்துப் படியேறியபோது மூக்கில் வந்து அறைந்தது. பழைய வாசனை மனிதரை இளக்கும் என்பார்கள். நான் பல்லைக் கடித்தேன். கடைப்பெண் திரையை என் பக்கம் திருப்பி, "பேரெல்லாம் ஒரு தடவ சரி பாத்துக்கங்கக்கா" என்றாள். நான் பெயர்களையா பார்த்தேன்? ஒவ்வொரு கொம்பாகப் பார்த்தேன். இது ஒற்றைக்கொம்பா, இரட்டைக்கொம்பா, குறிலா, நெடிலா என்று.

"என்னக்கா, இவ்வளவு நேரமா?"

"கொம்பு பாக்குறேம்மா."

அவள் சிரித்தாள். மாட்டுச் சந்தை நினைவு வந்திருக்கும்.

அரியலூரில் ஓர் அச்சகத்தில் தமிழ் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன், இருபது வருடங்களுக்கு முன்னால். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, திருவிழா நோட்டீஸ் என்று ஊரின் சிரிப்பும் அழுகையும் என் பத்து விரல் வழியாகத்தான் காகிதத்துக்குப் போயின. வாசலில் நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள். விசைப்பலகை மேல் வெள்ளைப் பொடி. துடைத்தால் விரல் வெளுக்கும், விட்டால் எழுத்து வெளுக்கும். நான் சேர்வதற்கு முன்னால் அங்கே இருந்தவர் ஒரு கோயில் நோட்டீஸில் 'கொடியேற்றம்' என்பதைக் 'கோடியேற்றம்' என்று அடித்துவிட்டார். திருவிழாக் கொடி, பிணத்துக்குப் போர்த்தும் புதுத் துணியாகிவிட்டது. ஊரே திரண்டு வந்து கடைவாசலில் நின்று கத்தியிருக்கிறது. அதிலிருந்து முதலாளிக்குக் கொம்பு என்றால் பயம். என்னை வேலைக்கு எடுத்த அன்றே, "வேகமெல்லாம் வேணாம் பாப்பா. கொம்ப மட்டும் பாத்துக்க" என்றார். பார்த்துக்கொண்டேன். கடைக்குள் என் கையிலிருந்து ஒரு கொம்பும் தவறவில்லை.

தவறியது வேறு இடத்தில். அங்கே கொம்பே கிடையாது.

திருச்சியிலிருந்து படங்கள் மின்னஞ்சலில் வரட்டும் என்று முதலாளி இணையம் வாங்கினார். கடைத் தொலைபேசியின் கம்பியில்தான் அதுவும் வரும். நான் இணையத்தில் இருக்கும்வரை கடைக்குப் போன் வராது. "கட்டிட்டியா? சீக்கிரம் அவுத்து வுடு, பார்ட்டி கூப்புடுவாங்க" என்று மாட்டைச் சொல்வதுபோலச் சொல்வார். ஒரு சாமி படம் இறங்குவதற்குள் ஒரு டீ ஆறிவிடும். முதலில் கிரீடம் வரும், பிறகு நெற்றி, பிறகு ஒரு கண். மறு கண்ணுக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் நான் அந்த அரட்டை அறைக்குள் நுழைந்தேன்.

அறை என்று பேர். சுவரில்லை, பாயில்லை, வாசலில்லை. எங்கெங்கோ இருந்த தமிழர்கள் வந்து உட்கார்ந்து எதற்கெடுத்தாலும் சண்டை போட்ட இடம். கடவுள் உண்டா, காதலித்தால் வீட்டில் சொல்வதா மறைப்பதா, மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்க முடியுமா, ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் உண்டா கிடையாதா. ரசத்தில் தொடங்கினால் கடவுளில் முடியும், கடவுளில் தொடங்கினால் ஒருவனுடைய அக்காவை இன்னொருவன் இழுப்பதில் முடியும். எழுதியது அழியாமல் அங்கேயே கிடக்கும், மறுநாள் வந்தும் படிக்கலாம். யாரும் யாரையும் ஒப்புக்கொண்டதில்லை. நேற்று தோற்றவர் இன்று அதே வரியோடு வந்து அதே இடத்தில் உட்காருவார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். வந்தும், மறுநாள் படம் இறங்கும் நேரத்துக்கு விரல் தானாக அங்கே போகும். புண்ணைச் சொறிவது மாதிரி.

அங்கே தமிழ் எழுத்தில் அடித்தால் எதிராளிக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் எல்லோரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அடித்தோம். குறிலும் நெடிலும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டன. kal என்றால் கல்லா, காலா, கள்ளா? vidu என்றால் விடுவா, வீடா? பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். பகலெல்லாம் கொம்பு எண்ணிய நான், அங்கே போய்க் கொம்பில்லாத தமிழில் வாதாடினேன்.

என் எதிர்க்கட்சி பெரம்பலூர்க்காரன். சொந்த ஊர் குரும்பலூர், தனியார் பள்ளியில் இயற்பியல் வாத்தியார், மாலையில் டவுனில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அடிப்பான். கடவுள் இல்லை என்பது அவன் கட்சி. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நான் சாமி கட்சி.

"இருக்குன்னு நிரூபிங்க."

"உங்க தாத்தாவோட தாத்தா இருந்தாரா? நிரூபிங்க பாப்போம்."

"நான் இருக்கேன்ல. அதான் நிரூபணம்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

இந்த இடத்தில் பாய் வருவார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், வளைகுடாவில் ஒரு பேரங்காடியில் கணக்கர். அறையில் இருந்தவர்களிலேயே கோபப்படத் தெரியாத ஒரே ஆள். "நான் தொழுதுட்டு வந்து பாக்குறேன், இன்னமும் அதே எடத்துலயே நிக்கிறீங்க. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் துவா கேட்டேன், விரலு வலிக்கக் கூடாதுன்னு" என்பார்.

சாமியில் தோற்றால் அவன் ஊருக்குத் தாவுவான். அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த காலம் அது. "உங்க ஊரு எங்க மாவட்டத்துல ஒரு தாலுக்கா. அத மறந்துட்டுப் பேசாதீங்க."

"குடுத்தத புடுங்கிக்கிட்டு இதுல பெருமை வேற."

"அட, நானும் ஒங்க மாவட்டம்தான்பா" என்பார் பாய். "மூணு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊரு. இதுக்கு ஒரு கம்பியூட்டரா? பஸ் ஏறிப் போயி எதுக்க எதுக்க நின்னு சண்டை போடுங்க. செலவு கம்மி."

எங்களுக்குள் நடந்த பெரிய சண்டை கடவுளைப் பற்றியதல்ல. 'போறேன்' என்ற சொல்லைப் பற்றியது.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன் என்று சொல்லக் கூடாது, போயிட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஏதோ பேச்சில் எழுதினேன். பிடித்துக்கொண்டான். "போறேன்னு சொன்னா பஸ் கவுந்துடுமா? வார்த்தையில என்னங்க இருக்கு? காத்துல ஒரு அதிர்வு, அவ்வளவுதான்." அன்றிலிருந்து அறையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் வேண்டுமென்றே 'போறேன்' என்று அடித்துவிட்டுப் போவான். என் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். அவசரத்தில் ஒரு தடவை அவர் "போறேன்" என்று சொல்லிவிட்டால் அம்மா தெருமுனை வரை ஓடிப் போய்க் கூட்டிவந்து, உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, மறுபடி சரியாகச் சொல்லவைத்து அனுப்புவாள். தண்ணீரைக் குடித்தபடியே அப்பா, "போயிட்டு வரேன் தாயே, போதுமா?" என்பார். லாரிக்காரர் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன எடை என்று அவனுக்கு நான் எப்படி நிரூபிப்பேன்?

பஸ் ஏறிப் போங்க என்று பாய் சொன்னது நடந்தது. அவன் தன் பகுத்தறிவுச் சங்கத்துக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி, பெரம்பலூரில் இல்லாத அச்சகமா, பஸ் ஏறி எங்கள் கடைக்கு வந்து நின்றான். ஒல்லி. சட்டைப் பையில் சாக்பீஸ் தூள். கையெழுத்துப் பிரதியை நீட்டினான். மூட நம்பிக்கையை ஒழிப்போம் என்று தலைப்பு.

"நம்பிக்கைல ஒரு 'க்' விட்டுப்போச்சு சார்."

"எனக்கு அது கொஞ்சம் கம்மிதாங்க."

சிரித்துவிட்டேன். அதுதான் தொடக்கம். அதன் பிறகு அவனுக்கு நோட்டீஸ்கள் நிறைய தேவைப்பட்டன. முதலாளிக்குச் சந்தேகம் வந்ததா தெரியாது. வியாபாரம் நடந்ததால் வராமலிருந்திருக்கும். அறையில் எல்லார் முன்னாலும் கத்திக்கொள்வோம், தனிச் செய்தியில் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்வோம். 'நீங்க' என்றவன் 'நீ' என்றான். நான் 'நீங்க'விலேயே நின்றேன்.

அப்போதுதான் மீன்சுருட்டியிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு நிலம் உண்டு, டிராக்டர் உண்டு. அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை, ஆனால் மறுக்கக் காரணமும் இல்லை. அவனிடம் சொன்னேன். அவனுக்கு அது பிடித்தமான தலைப்பு. காதலிப்பவர்கள் வீட்டில் மறைக்கவே கூடாது, மறைப்பவர்கள்தான் காதலைக் கெடுக்கிறார்கள் என்று அறையில் பக்கம் பக்கமாக எழுதியவன். எனக்கும் அதையே அடித்தான்: "அப்பாவ நேராப் பாத்து சொல்லு. நீ சொல்லிட்டேன்னு ஒரு வரி போடு. மறுநாளே வந்து உங்க வூட்டு வாசல்ல நிக்கிறேன்."

மறுநாளே. நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா வேலை முடிந்து வந்து அடிபம்பில் குளித்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்து சுண்ணாம்புப் பொடி பாலாக வழிந்தது. பம்பை அடித்தபடியே சொன்னேன். எதிரில் நின்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. கைக்கு ஒரு வேலை இருந்ததால் வாய்க்கு வந்தது.

"எந்த ஊரு?"

"குரும்பலூரு."

"நம்ம ஆளுங்களா?"

"தெரியலப்பா. கேக்கல."

"கேக்கலயா! பின்ன இத்தன நாளா என்னத்தத்தான் பேசுனீங்க?"

"சாமி இருக்கா இல்லையான்னு."

தலை தேய்த்த கை அப்படியே நின்றது. "அத முடிச்சுட்டீங்களா?"

"இன்னும் இல்லப்பா."

அடிப்பார் என்று நினைத்தேன். "வரச் சொல்லு. எதுக்க உக்காந்து பேசட்டும். பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அந்த வாக்கியத்தை என் அப்பாவிடம் வாங்குவதற்கு எப்படியெல்லாம் பயந்திருந்தேன் என்று எனக்கல்லவா தெரியும். பம்பை விட்டுவிட்டு அழுதேன். "தண்ணி வரல பாரு" என்றார்.

விடிந்ததும் கடைக்கு ஓடினேன். முதலாளி வருமுன் கம்பியைக் கோர்த்தேன். அவனுக்குத் தனிச் செய்தியில் அடித்தேன்:

appa kitta poi sollitten

அனுப்பிவிட்டு அடுத்த வரியைத் தொடங்குவதற்குள் கரண்ட் போய்விட்டது. இருட்டான திரையில் என் முகம் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தது. பரவாயில்லை. ஒரு வரி போதும் என்று அவன்தானே சொன்னான்?

மறுநாள் அப்பா லாரியை மாற்று டிரைவரிடம் கொடுத்தார். முகம் மழித்து, கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அம்மா பஜ்ஜிக்கு மாவு கரைத்து வைத்தாள், வாழைக்காய் சீவித் தண்ணீரில் போட்டாள். எண்ணெயை மட்டும் காயவைக்கவில்லை. வந்தபின் சுடச்சுடப் போடலாம் என்று. வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்தார். அவர் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஸ்டீயரிங் பிடிப்பதுபோல் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு லேட்டா இருக்கும்" என்றார் முதலில்.

"வாத்தியாரு வேலைல லீவு கெடைக்காதோ என்னவோ" என்றார் சோற்றுக்குப் பிறகு.

மாவு புளித்தது. வெயில் சாய்ந்ததும் எழுந்து, சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் ஆணியில் மாட்டி, காக்கியைப் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டியபடியே, "போறேன்" என்றார். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். கூப்பிடவில்லை.

அடுத்த நாள் கடையில் அறையைத் திறந்தேன். விபத்து, காய்ச்சல், என்னவோ ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்து கட்டுரை எழுதியிருக்கிறான். தனியாக எனக்கு அல்ல, அறைக்கு. சாமி கும்பிடுபவர்களும் சத்தியமும் என்று அவனே ஒரு தலைப்பு வைத்து, எல்லோரும் படிக்க. 'காலையில விளக்கேத்துவாங்க, சாயங்காலம் பெத்த அப்பாகிட்ட பொய் சொல்லுவாங்க. சொல்லிட்டு அத நம்மகிட்டயே பெருமையா எழுதுவாங்க. பயந்தவங்களுக்கு எதுக்குக் காதல்?' கீழே ஊர்வலம். காதலுக்காகப் பொய் சொல்லலாம் என்று ஒருவர், கூடாது என்று ஒருவர், பெண்களே இப்படித்தான் என்று ஒருவர், பெண்களைப் பற்றி அப்படிச் சொல்ல நீ யார் என்று ஒருவர், அவருடைய அக்காவை இழுத்து இன்னொருவர். வாழைக்காய் கறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் பொய்யைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் என்ன பொய் சொன்னேன்?

பாய்தான் கீழே கேட்டிருந்தார்: "தங்கச்சி எழுதுனத அப்படியே போடு மாப்ள, பாப்போம்." அவன் போட்டிருந்தான். அந்த ஒரு வரி. அதற்கடியில் பாய்: "யா அல்லாஹ். இது பொய் இல்லடா பாவி. போயி. அப்பாகிட்ட போயி சொல்லிட்டேன்னு எழுதியிருக்கு. எந்திரிச்சு ஓடு."

p, o, i. திரையை வெறித்தேன். போயும் அதுதான், பொய்யும் அதுதான். ஒரே ஒரு கொம்பு. ஊரார் பெயர்களுக்கெல்லாம் தேடித் தேடி நான் போட்ட அந்தக் கொம்பு, என் வாழ்க்கை வரியில் போட இடமில்லாமல் போயிற்று. சிரிப்பு வந்தது. சத்தம் போட்டுச் சிரித்தேன். "என்ன பாப்பா, ஜோக்கா?" என்றார் முதலாளி.

மதியத்துக்குள் அவன் கடை வாசலில் நின்றான். ஓடித்தான் வந்திருந்தான், மூச்சிரைத்தது. முதலாளி முன்னால் பேச முடியாது. டீ வாங்கிவருவதாகச் சொல்லி பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன், பின்னாலேயே வந்தான். பெரம்பலூர் பஸ் என்ஜினை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் நிழலில் நின்றோம். மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்குமோ.

"நீ ரெண்டு o போட்டிருக்கணும்" என்றான்.

"என்னது?"

"poi-னா பொய்தான. போய்க்கு ரெண்டு o போடணும். அப்பதான நெடில் வரும். நீயே டைப் அடிக்கிறவ, உனக்குத் தெரியாதா?"

என் காதில் பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்டது. வாத்தியார். கடைசியில் எனக்கு மதிப்பெண் குறைக்க வந்திருக்கிறார்.

"எங்க அப்பா வெள்ளச் சட்ட போட்டு உக்காந்திருந்தாரு."

"அதான் சொல்றேன், நீ மட்டும் சரியா எழுதியிருந்தா..."

"சந்தேகம்னா கேட்டிருக்கலாமே. என்ன பொய், ஏன் சொன்னன்னு ஒரு வரி."

"படிச்சதும் கோவம் வந்துருச்சு."

"ஒரு எழுத்து ரெண்டு மாதிரி இருக்கு. போயின்னும் படிக்கலாம், பொய்யின்னும் படிக்கலாம். என்னயத் தெரிஞ்ச நீங்க, எதப் படிச்சீங்க?"

அறையில் ஒருபோதும் வாதம் தீராதவன், கன்னத்தைச் சொறிந்தான். பிறகு அவசரமாக, "சரி, இப்பவே வரேன். அப்பாவப் பாக்குறேன்" என்றான்.

"அப்பா லோடுக்குப் போயிருக்காரு."

"அப்ப ஞாயித்துக்கிழமை வரேன்."

அவன் வந்திருப்பான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அப்பாவும் அந்தச் சட்டையை மறுபடி ஆணியிலிருந்து எடுத்திருப்பார், எனக்காக. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த மனிதர் முழங்காலைப் பிடித்தபடி இன்னொரு பகல் உட்கார்ந்திருப்பதை, எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடப் பொறுமையில்லாத ஒருவனுக்காக. இந்தக் கணக்கெல்லாம் அப்போது மனதில் ஓடியதா, இல்லை இத்தனை ஆண்டுகளில் நானே அடுக்கிக்கொண்டதா, சொல்லத் தெரியவில்லை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் களைப்பு. அறையின் எல்லாச் சண்டைகளும் ஒன்றாகச் சேர்ந்து காலில் இறங்கிய மாதிரி.

நடத்துனர் விசில் ஊதினார். அவன் படியில் ஏறி, கம்பியைப் பிடித்தபடி திரும்பினான். என் முகத்தில் எதையோ படித்திருக்க வேண்டும், இந்த முறை சரியாக. அவன் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டிராத ஒன்றைச் சொன்னான்.

"போயிட்டு வரேன்."

வாங்க என்று சொல்ல வேண்டிய இடம். அந்த ஒரு சொல்லுக்காக அவன் படியிலேயே நின்றான், பஸ் நகரத் தொடங்கிய பிறகும்.

"நான் போறேன்" என்றேன்.